என் பேரில் வந்த பெட்டி

குமாரு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரியும். மெடிக்கல் பாஸ் ஆகிவிட்டது என்று நேற்றுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மை ஒன்றை அனுப்பியிருந்தாயே, பார்த்தேன். ஆகையால் நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணடிக்கவில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதை ஆரம்பித்தாலும், "அப்பா, கிண்டல் பண்ணாத, வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். ஆயுசு முழுக்க ஊரைக் கிண்டல் பண்ணித் திரிந்தவனுக்கு இது வேண்டியதுதான். இப்போது அழுதால்கூடச் சிரிக்கத் தயாராக நாலு பேர் நிற்கிறார்கள். காகிதம் என்றால் நடுவில் கட் பண்ண முடியாது; கிழிக்கத்தான் முடியும், அதற்குக் கொஞ்சம் மனசு வேண்டும். ஆறாங்கிளாஸ் பாதியோடு ஓடி வந்தவன் எழுதுகிறேன். கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் கால் இருக்கும், கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. ஐ.டி.ஐ. படித்த துரை திருத்திப் படித்துக்கொள்ளவும்.

உன் அண்ணன் வேலை பார்த்த கம்பெனிக்கே, அவன் பார்த்த அதே ஏ.சி. மெக்கானிக் வேலைக்கே நீ போகிறாய். போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. சொன்னால் கேட்கிற வயசை நீ தாண்டிவிட்டாய், சொல்லித் தடுக்கிற வயசை நானும் தாண்டிவிட்டேன். ஆனால் செல்வம் அங்கிருந்து வீடு வந்து சேர்ந்த கதையில் பாதிக்கு மேல் நீ பக்கத்திலிருந்தும் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாய். விமானம் ஏறுவதற்கு முன்னால் என் பக்கத்துக் கதையை ஒருதரம் கேட்டுவிட்டுப் போ.

முதலில் இந்தப் பேர் விவகாரம். எனக்கு முன்னால் பிறந்த எதுவும் தங்கவில்லை என்று என்னைப் பெற்றவள் நாகூர் தர்காவுக்கு வேண்டிக்கொண்டாள். நான் தங்கினேன். அதனால் பக்கிரிசாமி என்று வைத்தாள். நம் பக்கத்தில் தெருவுக்கு ஒரு பக்கிரிசாமி பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு வயலுக்குப் போகிறான்; யாரும் அதை ஒரு அதிசயமாக நினைத்ததில்லை. நம் ஊரில் அப்பன் பேர் என்பது ஒற்றை எழுத்து. ப. செல்வம், ப. குமார். அந்த எழுத்து ஒரு மூலையில் புள்ளி வைத்துக்கொண்டு பேசாமல் கிடக்கும். பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது, ஒற்றை எழுத்து செல்லாது, விரித்து எழுது என்றார்கள். விரித்தான். பக்கிரிசாமி செல்வம் ஆனான். அங்கே போய் இறங்கியதும், முன்னால் நிற்பதுதான் பேர் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மூலையில் கிடந்த நான் நடுவில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். என் பிள்ளை ஒற்றை எழுத்தாகி மூலைக்குப் போனான்.

அதோடு விட்டதா? பக்கிரி என்பதைப் 'பக்கீர்' என்று படித்தார்கள். சாமியை 'ஸாமி' என்றார்கள். அந்த ஊரில் இரண்டுமே முஸ்லிம் பேராம். இக்காமா என்கிற அடையாள அட்டையை அடித்தவன், மதம் என்ற கட்டத்தில் இவனை ஒரு வார்த்தை கேட்காமல் முஸ்லிம் என்று போட்டுவிட்டான். உன் அண்ணன் அன்றைக்கே போன் பண்ணி மூச்சு முட்டச் சிரித்தான்.

"அப்பா, உன் பேரு பண்ண வேலையப் பாத்தியா? என்னையப் பாயாக்கிட்டானுவ."

"மாத்தச் சொல்லேண்டா."

"மாத்துனா எல்லாத்தையும் மறுபடி மொதல்லேருந்து எழுதணுமாம். விடு. எந்தப் பேரச் சொன்னா என்ன, சோறு போட்டா சரி."

நோன்பு மாதத்தில் அந்த அட்டைக்காரர்களுக்கு அரை நாள்தான் வேலை. ஆனால் பகலில் நாலு பேர் எதிரில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது. அதனால் இவனும் நோன்பு பிடித்தான். சாயங்காலம் கஞ்சிக்கு எல்லாருக்கும் முன்னால் போய் உட்காருவானாம். என் பேர் புண்ணியத்தில் பிள்ளைக்கு அரை நாள் வேலை, முழு நாள் பட்டினி என்று நன்னிலம் கடைத்தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். உன் அண்ணி ரேவதி ஒருத்திதான், "சிரிக்காதீங்க மாமா. ஒரு மனுசனுக்கு அவன் பேருன்னு ஒண்ணு இருக்கணும்ல" என்றாள். சரியான சிடுமூஞ்சி என்று நினைத்துக்கொண்டேன்.

செய்தி வந்த அன்றைக்கு நான் சொசைட்டியில் உரத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். புது நம்பர். மலையாளம் கலந்த தமிழில் ஒருத்தர், "பக்கிரிசாமி வீடுதானே?" என்றார். ஆமாம் என்றேன். "சாரி, ஒரு கெட்ட செய்தி. பக்கிரிசாமி எக்ஸ்பயர் ஆயிட்டார்" என்றார். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் ஒருத்தன் பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி கார்டு நம்பரைக் கேட்டு, என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருந்தான். இதுவும் அந்தக் கூட்டம் என்று நினைத்தேன்.

"அடடா, எப்பங்க? எனக்கே இப்பதான் தெரியுது. எடுக்குறது எத்தனை மணிக்குன்னு சொன்னீங்கன்னா குளிச்சுட்டு ரெடியா இருப்பேன்."

வரிசை பூராவும் திரும்பிப் பார்த்தது. அந்த ஆள் திகைத்துப் போய், "நீங்க யார் பேசறது?" என்றார்.

"பக்கிரிசாமிதான் பேசுறேன். இங்க கூட்டமா இருக்கு, உரத்த வாங்கிட்டு அப்பறமா சாவுறேன்."

அவர் வைத்துவிட்டார். எனக்குப் பின்னால் நின்ற தங்கராசு, "மாமா, நெசமாவே செத்தாலும் ஒன் வாயி ஓயாது" என்று முதுகில் தட்டினான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு போன். இந்தக் குரல் எனக்குத் தெரியும். ஜமால். உன் அண்ணனோடு ஒரே ரூமில் இருந்த கூத்தாநல்லூர்ப் பையன். லீவில் வரும்போதெல்லாம் நம் வீட்டுக்கு வந்து ரேவதி கையால் சாப்பிட்டுவிட்டுப் போகிறவன். அவன் "அப்பா" என்றான். "என்னடா?" என்றேன். "செல்வம் போயிட்டான்பா" என்றான். அந்தப் பேரை அவன் சொன்ன பிறகுதான் செத்தது யார் என்று எனக்குத் தெரிந்தது. வரிசையில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் அம்மா இதற்கெல்லாம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தது எவ்வளவு நல்லது என்று அந்த இடத்தில் நின்று நினைத்தேன்.

மொட்டை மாடியில் வெயிலில் நின்று ஏ.சி. பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே அதன்மேல் சாய்ந்துவிட்டான். கீழே ஆபீஸில் இருந்தவர்களுக்கு அறை குளிரவில்லை என்று மேலே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்திருக்கிறது. இயற்கை மரணம் என்று எழுதினார்கள். சரிதான், அந்த வெயிலில் அவ்வளவு நேரம் நிற்கிறவன் சாவது இயற்கைதான். சாகாமல் இருந்திருந்தால்தான் விசேஷம். எழுதியவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது.

மறுநாள் ஜமால் மறுபடி கூப்பிட்டான். "அப்பா, ஆபீஸ்ல அவன முஸ்லிம்னு வச்சுருக்காங்க. அதுனால இங்கயே மண்ணுல வச்சுரலாம்னு பேசுறாங்க. வூட்டுலேருந்து ஒரு சம்மதக் கடுதாசி வந்தா போதுமாம். விட்டுராதீங்கப்பா." அவனே சொன்னான்: "எங்க வழக்கப்படி வச்சா கௌரவமாத்தான் வைப்பாங்க, அதுல ஒரு கொறையும் இருக்காது. ஆனா அது அவன் இல்லையே. பக்கீர் ஸாமின்னு ஒரு ஆள அடக்கம் பண்ணிருவாங்க. செல்வம்னு ஒருத்தன் இங்க வந்ததுக்கும் அடையாளம் இல்ல, போனதுக்கும் அடையாளம் இல்ல." அவன் பேர் செல்வம் என்று வேறு யாருக்குமா தெரியாது என்று கேட்டேன். "எப்புடிப்பா தெரியும்? இங்க யாருக்கும் சொந்தப் பேரு கெடையாது. என் அத்தா பேரு பீர் முகமது. என்னையும் பீருன்னுதான் கூப்புடுறான். ஊருல வெத்தல போட்டுக்கிட்டு ஒக்காந்துருக்குற அத்தாமாரு பூராவும் இங்க ஏணி ஏறிக்கிட்டு இருக்காங்கப்பா. நாங்க சும்மா தொணைக்கு வந்தவங்க."

அதைச் சொல்லிவிட்டு அந்தப் பையன் அழுதான். நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாமல். இத்தனை வருசமாக அந்த வெயிலில் என்னைத்தான் கூப்பிட்டு அதட்டியிருக்கிறார்கள். பக்கிரி, இங்கே வா. பக்கிரி, மேலே ஏறு. ஏறினது அவன்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ மெட்ராஸிலிருந்து வந்து இறங்கும்போதே கையில் அந்தக் கடிதத்தோடு வந்தாய். கம்பெனிக்காரர் உனக்கு அனுப்பி, நீ கடையில் பிரிண்ட் எடுத்தது. ரேவதி அடுப்படி நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நீ அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து எவ்வளவு மெதுவாகப் பேசினாய் என்று எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"அண்ணி, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

"என்ன எழுதியிருக்கு?"

"அங்கயே அடக்கம் பண்ண நமக்கு ஆட்சேபணை இல்லன்னு."

"எனக்கு இருக்குடா" என்றேன் நான்.

"அப்பா, நீ சும்மா இரு. பாடி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. வந்தாலும் பாக்குற மாதிரி இருக்காது. லீவுல வந்துட்டுப் போனப்ப பாத்த மொகத்தையே அண்ணி நெனச்சுக்கிட்டு இருக்கட்டும். செத்த ஒடம்பு எங்க கெடந்தா என்னப்பா? அண்ணன் எங்க இருந்தாலும் அண்ணன்தானே?"

நீ சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த பங்காளிகள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். எனக்கே ஒரு நிமிசம் நியாயமாகத்தான் பட்டது. ரேவதி பேனாவை வாங்கினாள். காகிதத்தை மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் பன்னிரண்டாவது பாஸ், அது நினைவிருக்கட்டும். கடைசிவரை பார்த்துவிட்டு, "இதுல அவங்க பேரு எங்க இருக்கு தம்பி?" என்றாள். நீ விரலால் காட்டினாய். "இது மாமா பேராச்சே" என்றாள். "பாஸ்போர்ட்ல மொதல்ல இருக்குற பேரத்தான் அண்ணி அங்க எழுதுவாங்க" என்றாய். அவள் பேனாவை மூடித் தரையில் வைத்தாள். "மாமா இந்தா ஒக்காந்துருக்காங்க. அவங்கள அடக்கம் பண்ண நான் எப்படித் தம்பி கையெழுத்துப் போடுறது? என் வூட்டுக்காரரு பேரு செல்வம். செல்வம்னு எழுதி எடுத்துக்கிட்டு வாங்க, அப்பறம் பாப்போம்."

அழுதுகொண்டு சொல்லவில்லை. கடைக்காரனிடம் பாக்கிச் சில்லறை கேட்கிற மாதிரி சொன்னாள். நான் சிடுமூஞ்சி என்று நினைத்த பெண். அவள் அதைச் சொல்லியிருக்காவிட்டால் இன்றைக்கு உன் அண்ணன் அங்கே என் பேரில் மண்ணுக்குள் இருந்திருப்பான். இதிலிருந்து நீ ஒன்றை எடுத்துக்கொள்: அடுத்தவர் துக்கத்துக்கு நீ முந்திக்கொண்டு நியாயம் கண்டுபிடிக்காதே. ரொம்ப நல்லவன் மாதிரி தோன்றும்போது இன்னும் கொஞ்சம் பொறு.

அப்புறம் செல்வம் இந்துதான், நானும் அவனும் வேறு வேறு ஆள்தான் என்று எழுதி வாங்க வேண்டியிருந்தது. அங்கே ஜமால் லீவு போட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக நின்றான். இங்கே நான் நின்றேன். கிராம நிர்வாக அலுவலர் புதுசாக வந்த சின்னப் பெண்.

"இறந்தவர் பேர் என்னங்கய்யா?"

"பக்கிரிசாமின்னு வந்துருக்கும்மா."

"உங்க பேரு?"

"பக்கிரிசாமி."

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. "ஐயா, உங்களப் பத்தி ஏற்கெனவே சொல்லியிருக்காங்க. இன்னிக்கி மட்டும் வெளயாடாதீங்க, ப்ளீஸ்." என் வாழ்க்கையில் விளையாடாமல் பேசிய ஒரே நாள் அது. பாஸ்போர்ட் காப்பி, ரேஷன் கார்டு, அவன் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிய பிறகு அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. எழுந்து நின்றுவிட்டது. "ரெண்டு பேருல இருக்குறவங்க ஒரே ஆளுதான்னு எழுதிக் குடுத்துருக்கேன். ஒரே பேருல இருக்குறவங்க ரெண்டு ஆளுன்னு இதுவரைக்கும் எழுதுனதில்லங்கய்யா" என்றது. ரெண்டு ஆளாக இருந்தது போன மாசம்வரை, இப்போது ஒரு ஆள்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. அந்தப் பெண் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

திருச்சி ஏர்போர்ட்டுக்கு நீயும்தான் வந்தாய். எல்லாரும் மாலையோடு நிற்கிற வாசல் இல்லை அது. சரக்குப் பக்கம். ஏற்றுமதிக் காய்கறிப் பெட்டிகள் அடுக்கியிருந்ததற்குப் பக்கத்தில், எடைபோட்டுச் சீட்டு ஒட்டி, நீளமாக ஒரு பெட்டி. சீட்டில் என் பேர். கண்ணாடி போட்ட ஒருத்தர் காகிதத்தைப் பார்த்து, "பக்கிரிசாமி யாரு?" என்றார். நான்தான் என்றேன். "நீங்க இல்ல பெரியவரே. உள்ள இருக்குறவரு." அதுவும் நான்தான் என்று எழுதியிருக்கிறதே, பாருங்கள் என்றேன். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய், "அப்பா, இங்கயுமா?" என்று. குமாரு, அது கிண்டல் இல்லை. சீட்டில் இருந்ததைப் படித்தேன். அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, என்னை நானே வாங்கிக்கொண்டேன். இந்த ஜில்லாவில் தன் பிணத்தைத் தானே டெலிவரி எடுத்தவன் நான் ஒருத்தன்தான் இருப்பேன். ஊருக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் நீ ஆம்புலன்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டே வந்தாய். சொந்தக்காரர்களுக்கு நேரம் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

வீட்டில் பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்றாய். உடம்பு இருக்கிற நிலைமை சரியில்லை, திறக்காமல் எடுத்துவிடுவது நல்லது என்று காகிதத்திலும் இருந்தது. வாய்க்கரிசியைப் பெட்டிமேல் போட்டுக்கொள்ளலாம் என்று யாரோ ஒரு வழியும் சொன்னார்கள். பலகைக்கு ஏது வாய்? நான் ரேவதியைப் பார்த்தேன். அவள், "தொறங்க மாமா" என்றாள். ஸ்க்ரூவைக் கழற்றத் தங்கராசு வந்தான், அன்றைக்கு முதுகில் தட்டிய அதே தங்கராசு. என் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொன்றாகக் கழற்றினான். உள்ளே தகரம், அதற்குள் துணி. கறுத்துச் சுருங்கி, உதடு ஒட்டிப்போய்க் கிடந்தான். நீ சொன்னது சரி, பார்க்கிற மாதிரி இல்லை. ஆனால் அவன்தான். காதோரம் அந்த மச்சம், உங்கள் அம்மாவுக்கு இருந்தது. ரேவதி குனிந்து அவன் காதருகில் வாயை வைத்து, இத்தனை வருசத்தில் அவனை யார் முன்னாலும் கூப்பிட்டிராத அவன் பேரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டாள். ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நீ வெளியே போய்விட்டாய்.

அரிசி கேட்டார்கள். வீட்டில் ரேஷன் அரிசிதான் இருந்தது. விளைந்த நெல்லை மூட்டை மூட்டையாகக் கொள்முதலுக்குப் போட்டுவிட்டுப் புழுங்கலரிசியை வரிசையில் நின்று வாங்குகிற ஊர் நாம். அதில் யாருக்கும் வெட்கமில்லை. அன்றைக்கு எனக்கு இருந்தது. அந்த அரிசியைத்தான் மகனுக்கு அப்பன் போட்டேன். எந்தச் சாஸ்திரத்தில் இந்த வரிசை இருக்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஒட்டின உதட்டில் தங்காமல் அரிசி கழுத்துப் பக்கம் உருண்டது. நான் பொறுக்கி எடுத்து மறுபடி வைத்தேன். நிற்கிறவரை வைத்தேன்.

இதெல்லாம் முடிந்து ஒரு போகம் அறுத்தாகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை கையில் அரைக்கிலோ ஜாங்கிரியோடு வந்து நின்றாய். அண்ணன் கம்பெனியில் விசா வந்திருக்கிறது என்றாய். நான் ஜாங்கிரியை வாயில் போட்டுக்கொண்டேதான் கேட்டேன், சும்மா, பேச்சுக்கு: "எப்படா கேட்டாங்க ஒன்ன?"

"அப்பவேப்பா. அண்ணன் எடம் காலியாத்தானே இருக்கு, வூட்டுல வேற ஆள் உண்டான்னு கேட்டாங்க. பாஸ்போர்ட் காப்பி அனுப்பி வச்சேன்."

"அப்பவேன்னா எப்ப?"

நீ ஜாங்கிரிப் பொட்டலத்தை எடுத்து மூடினாய். பதில் சொல்ல வேண்டியதில்லை. அப்பவே என்றால் பெட்டி வருவதற்கு முன்னால். அண்ணன் குளிர்ப்பெட்டியில் கிடந்தபோது. அந்தச் சம்மதக் கடிதத்தை உனக்கு அனுப்பிய ஆள்தான் இதையும் கேட்டிருக்கிறான். நீ ரேவதியிடம் குந்தி உட்கார்ந்து மெதுவாகப் பேசினாயே, அப்போது உன் பாஸ்போர்ட் காப்பி அங்கே போய்ச் சேர்ந்திருந்ததா இல்லையா? நான் கேட்கப் போவதில்லை. நீ எந்தப் பதிலைச் சொன்னாலும் எனக்குப் பிரயோசனமில்லை. அந்தக் கருணை கருணைதானா என்று தெரியாமலே நான் செத்துப்போகிறேன். நீ அதைத் தெரிந்துகொண்டு இருந்துவிட்டுப் போ.

உன் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த அஞ்சு மா நிலத்தில் விளைந்து வருவதில் மூன்று பேர் சாப்பிடலாம், அதுவும் ஒருத்தர் பசி இல்லை என்று சொன்னால். ரேவதியையும் உன் அண்ணன் பெண் குழந்தையையும் யார் பார்ப்பது என்று கேட்டாய். நல்ல கேள்வி. மெட்ராஸில் அடுத்தவன் வீட்டு ஏ.சி.யைத் துடைத்து நீ எத்தனை காலம் ஓட்டுவாய்? அதுவும் சரி. மண்ணை விட்டுப் போகாதே என்று கண்ணீர் விடுகிற ஆசாமி நான் இல்லை. மண் எனக்கு ஒன்றும் செய்துவிடவில்லை. சின்ன வயசில் அண்ணன் சட்டைதான் உனக்கு வரும், அது அவன்மேல் நைந்த பிறகு. நீயும் முகம் சுளிக்காமல் மாட்டிக்கொண்டு போவாய். இப்போது அவனே நைந்து முடிந்த பிறகு அவன் வேலை உனக்கு வந்திருக்கிறது. மாட்டிக்கொண்டு போகிறாய். பழக்கம்தானே.

விசாக் காகிதத்தை ரேவதிதான் எனக்குப் படித்துக் காட்டினாள். பக்கிரிசாமி குமார். நீயும் விரித்துத்தான் எழுதியிருக்கிறாய். அவர்களுக்கு எவ்வளவு சௌகரியம் பார். பழைய ஆளின் சட்டையில் குத்தியிருந்த பேர்த் தகட்டைத் துடைத்து உனக்குக் குத்திவிடலாம். மேஸ்திரி புதுசாக ஒரு பேர் மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை. பக்கிரி போனான், பக்கிரி வந்தான். இடையில் ஒருத்தன் செத்தான் என்பதே அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. இதை நினைத்தால்தான் எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. உன் 'அப்பவே'கூட அப்புறம்தான்.

ஆகையால் உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அட்டை அடிக்கிறவன் முன்னால் உன்னை நிறுத்துவார்கள். அவன் காகிதத்தைப் பார்த்துப் பேரைப் படிப்பான். அப்போது சிரித்துவிடாதே. உன் அண்ணன் சிரித்தான். அரைகுறை இங்கிலீஷோ கைச்சாடையோ, எதிலாவது சொல்: இது என் அப்பா பேர், என் பேர் குமார், நான் இந்து. அவன் அடிக்கவில்லை என்றால் அடிக்கிறவரை அங்கேயே நில். வேலை போய்விடும் என்று பயமாக இருந்தால், பயப்பட வேண்டியது எது என்று ஜமாலிடம் கேட்டுக்கொள்; பெட்டியைத் திறக்கும்போது நீ வெளியே போய்விட்டாய், உனக்குத் தெரியாது. அவன் இன்னும் அதே ரூமில்தான் இருக்கிறான். போய் இறங்கியதும் முதலில் அவனைப் பார். ரூமில் இருக்கிற மற்றவர்களிடம், இங்கே உங்களோடு தின்று தூங்கி எழுந்தவன் பேர் செல்வம், நான் அவன் தம்பி என்று சொல். வேறு ஒன்றும் எனக்குச் செய்ய வேண்டாம். சென்ட்டும் போர்வையும் வாங்கிக்கொண்டு வராதே.

ரேவதி உனக்குப் பருப்புப் பொடியும் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள். உன்மேல் அவளுக்குக் கோபம் இருக்கிறதா என்று கேட்டேன். "பொடில உப்பு சரியா இருக்கான்னு பாருங்க மாமா" என்றாள். அவ்வளவுதான் பதில். ஏர்போர்ட்டுக்கு நான் வரவில்லை. அந்தச் சரக்குப் பக்கம் இல்லாத இன்னொரு வாசலும் அங்கே இருக்கிறதாம், அதை நீ பார்த்துவிட்டு வந்து சொல்.

கடிதம் முடிந்தால் கீழே பேர் போட வேண்டும் என்று ஆறாங்கிளாஸ் வாத்தியார் சொல்லிக் கொடுத்திருக்கிறார். போடவில்லை. என்னிடம் இருந்தது ஒரு பேர்தான், அதை நீ எடுத்துக்கொண்டு போகிறாய். உயிரோடு கொண்டுவந்து கொடு, அப்புறம் போட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பன்